கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்கூட்டர்

கேள்வி: எனக்கு 54 வயது. லிங்கராஜபுரத்தில் கணவரோடும் ஒரே மகளோடும் இருக்கிறேன். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர், இப்போது இல்லை. சபையில் நான் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். என் தங்கை ஆறு வருடத்துக்கு முன் ஓர் இந்துவை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது பொட்டு வைக்கிறாள், சபைக்கு வருவதில்லை. ‘அந்நிய நுகம்’ என்று வேதம் சொல்வதை அவளிடம் நேராகவே சொன்னேன். அவள் வீட்டுக்கும் நான் போவதில்லை. இதற்காக எல்லோரும் என்னை ‘ஜட்ஜ் பண்ணாதே’ என்கிறார்கள். எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மகளுக்கு ஆபீஸ் வேலைக்குத் தனி அறையும் வேண்டும். அதனால் அம்மா மூன்று வருடமாகத் தங்கையோடு ராமமூர்த்தி நகரில் இருக்கிறார். நாங்கள் சபைக்கு நடந்தே போய்விடுவோம். அம்மாவைத் தங்கை கட்டிக்கொண்ட ஆள்தான் ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் கூட்டிவருவார். ஆராதனை முடியும்வரை கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். யார் அது என்று சபையார் கேட்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. போன மாதம் இந்தப் பேச்சு வந்தபோது என் மகள் ‘நீ ஒரு மாயக்காரிம்மா’ என்று சொல்லிவிட்டாள். இப்போது அவளும் சபைக்கு வர மறுக்கிறாள். பாவத்தைப் பாவம் என்று சொல்வது மாய்மாலமா? மகளை எப்படித் திரும்பக் கொண்டுவருவது?

— பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: யார் அது என்று சபையார் கேட்கும்போது நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள்? கடிதம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், அது மட்டும் இல்லை. அவர்கள் கேட்கிறார்கள், உங்களுக்குச் சங்கடம், அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். “என் தங்கை வீட்டுக்காரர், அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்” என்று முதல் ஞாயிறே சொல்லியிருந்தால் யாரும் இரண்டாம் தடவை கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் சொல்லவில்லை, அதனால்தான் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இயேசு பிடிபட்ட இரவில், பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் அவருடைய சீஷன் பேதுருவிடமும் இப்படித்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். “அந்த மனுஷனை நான் அறியேன்” என்றார் அவர். சேவல் கூவினபோது வெளியே போய் அழவாவது செய்தார்.

மூன்று வருடம் என்றால் 150 ஞாயிறுகளுக்கு மேல். திருவிருந்து உள்ள நாளில் தமிழ் ஆராதனை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவதில்லை. டிசம்பர் மாதக் காலைக் குளிரிலும் ஏப்ரல் வெயிலிலும் ஒரு மனிதர், தனக்கு எந்த சம்பந்தமும் இல்லாத ஓர் ஆராதனை முடிவதற்காகத் தெருவில் காத்திருக்கிறார். வாரம் முழுக்க வேலை பார்த்தவருக்குக் கிடைக்கிற ஒரு நாள் அது. மாமியாரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டுத் திரும்ப வந்திருக்கலாம். ஒரு ஓலா ஆட்டோ போட்டு அனுப்பிவிட்டு இருந்திருக்கலாம். ஏன் போகவில்லை என்று யோசித்தீர்களா? ஆராதனை நடுவில் வயதான அம்மாவுக்குத் தலை சுற்றினால், பாத்ரூம் போக வேண்டுமென்றால், கூப்பிடு தூரத்தில் ஆள் வேண்டும் என்று இருக்கிறார். இது என் ஊகம்தான். ஆனால் வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. உள்ளே அதே அம்மாவின் மூத்த மகள் சங்கச் செயலாளராக உட்கார்ந்திருக்கிறார்.

அவரை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ‘தங்கை கட்டிக்கொண்ட ஆள்.’ நம் வீடுகளில் தங்கையைக் கட்டியவருக்கு மாப்பிள்ளை என்று பெயர். கோபம் இருந்தாலும், பேச்சுவார்த்தை இல்லாமல் போனாலும் மாப்பிள்ளை மாப்பிள்ளைதான். ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம் என்று இழுத்து எழுதியிருக்கிறீர்களே, 1954-லிருந்து இந்த நாட்டில் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. 30 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்து, மூன்று சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டுச் செய்கிற கல்யாணம் அது. அதில் குறைந்த கல்யாணம் என்று ஒன்று கிடையாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நானும் வேதம் வாசிக்கிற வீட்டில் வளர்ந்தவள், அதனால் வேதத்தை வைத்தே பேசலாம். ‘ஜட்ஜ் பண்ணாதே’ என்று உங்களிடம் சொல்கிறவர்கள் பக்கம் நான் இல்லை. மத்தேயு 7-ம் அதிகாரத்தின் முதல் வசனத்தை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு, யாரும் யாரையும் எதுவும் கேட்கக்கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே கள்ளத் தீர்க்கதரிசிகளைக் கண்டுகொள்ளுங்கள், கனிகளைப் பார்த்து மரத்தை அறிந்துகொள்ளுங்கள் என்று இயேசுவே சொல்கிறார். பார்க்காமல், எடைபோடாமல் எப்படி அறிவது? உத்திரமும் துரும்பும் சொல்கிற இடத்திலும், துரும்பை அப்படியே விட்டுவிடு என்று இல்லை. முன்பு உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடு, பின்பு உன் சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்க வகைபார்ப்பாய் என்றுதான் இருக்கிறது. முன்பு, பின்பு என்று ஒரு வரிசை இருக்கிறது. உங்களுக்கு அந்த வரிசை தலைகீழாகிவிட்டது.

கனியைப் பார்க்கச் சொல்கிறாரே, சரி, பாருங்கள். அந்த மாப்பிள்ளையிடம் நீங்கள் கண்ட கனி என்ன? தன் மதம் அல்லாத மாமியாரை, ‘சபை’ என்று அவர் வாயைத் திறந்ததும் பானஸ்வாடி வழியாகக் கூட்டிக்கொண்டு வருகிறார். ஒரு ஞாயிறாவது “இன்றைக்கு வேண்டாம் அத்தை” என்று சொல்லியிருந்தால் அதை நீங்கள் கடிதத்தில் குற்றமாக எழுதியிருப்பீர்கள். எழுதவில்லை.

அந்நிய நுகத்தையும் பேசிவிடுவோம். 2 கொரிந்தியர் 6-ல் அவிசுவாசிகளோடு பிணைக்கப்படாதீர்கள் என்று பவுல் எழுதினது உண்மை. ஒரே ஜெபம் உள்ள வீடு நல்லது என்பது என் சொந்த நம்பிக்கையும்கூட. கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் தங்கை என்னிடம் வந்திருந்தால் யோசிம்மா என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த இடத்தில் பவுல் கல்யாணம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. கல்யாணத்தைப் பற்றி அவர் நேராகப் பேசுவது கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தின் 7-ம் அதிகாரத்தில். புருஷன் அவிசுவாசியாக இருந்தும் சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவனைத் தள்ளிவிடாதே, மனைவியால் அவன் பரிசுத்தமாக்கப்படுகிறான் என்கிறார். கல்யாணமாகி ஆறு வருடம் ஆன தங்கைக்கு நீங்கள் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டிய பகுதி அது. நீங்கள் சொன்னதோ, அவளால் இனி ஒன்றும் செய்ய முடியாத வசனம். காயப்படுத்துவதைத் தவிர அதற்கு வேறு எந்தப் பயனும் இல்லை. பொட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை, அதற்கு இந்தப் பக்கத்தில் இடம் கொடுக்க மனமில்லை.

மகள் சொன்ன சொல் உங்களைச் சுட்டிருக்கிறது. அதை அவள் சண்டே ஸ்கூலில்தான் கற்றிருப்பாள், நீங்களே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டிருப்பீர்கள். நம் வேதத்தில் மாயக்காரன் என்று இருக்கிற இடத்தில் மூலமான கிரேக்கத்தில் உள்ள சொல், மேடையில் வேஷம் கட்டி நடிக்கிறவனைக் குறிப்பது. நடிகனுக்குப் பார்க்க ஆள் வேண்டும். நம்புவது ஒன்று, வாழ்வது ஒன்று என்று தடுமாறுகிறவர்கள் எல்லோரும் மாயக்காரர்கள் என்றால் ஒரு சபையிலும் ஒருவரும் மிஞ்ச மாட்டோம். ஆயரும் மிஞ்ச மாட்டார். விழுவது மனுஷ சுபாவம். பார்க்கிறவர்களுக்காக நிற்பதுதான் மாய்மாலம். உங்கள் கடிதத்தில் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை, தங்கை நன்றாக இருக்கிறாளா என்று இல்லை, சபையார் கேட்பது மட்டும் இருக்கிறது. மகள் பார்த்தது அதைத்தான்.

பரிசேயரிடம் இயேசு மிகக் கடுமையாகப் பேசின இடங்களில் ஒன்று பெற்றோரைப் பற்றியது. மாற்கு 7-ஐ எடுத்து வாசியுங்கள். உங்களுக்கு என்னால் கிடைக்க வேண்டியதெல்லாம் கொர்பான், தேவனுக்குக் காணிக்கையாகிவிட்டது என்று தகப்பனிடமும் தாயிடமும் சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று அவர்கள் கற்பித்தார்கள். தேவனுடைய வசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார் அவர். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, தனி அறை வேண்டும் என்று நீங்கள் அடுக்கியிருப்பதைப் படித்தபோது எனக்கு அந்த கொர்பான்தான் ஞாபகம் வந்தது. லிங்கராஜபுரத்தில் தரைத்தள வீடே வாடகைக்குக் கிடைக்காதா? கிடைக்கும். கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும், அட்வான்ஸ் அதிகம் கேட்பார்கள், வீடு மாற்றுகிற அலைச்சல் இருக்கும். தங்கை வீட்டில் மட்டும் என்ன, அம்மாவுக்கென்று அரண்மனையா கட்டி வைத்திருக்கிறார்கள்?

தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி மனைவி என்றால் என்ன வாழ்க்கை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2001-ல் சுரங்கத்தை மூடினபோது அங்கே எத்தனை குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன, விடியும் முன்பே மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்கு வேலை தேடி வந்தவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் நீங்கள் கண்ணால் பார்த்தவை. அந்த லைன் வீடுகளில் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்தத் தாயும் தனி அறை இல்லை என்று யாரையும் வெளியே அனுப்பவில்லை.

மகள்தானே, கட்டிக்கொடுத்தாயிற்றே என்று ஒரு சாக்கு நம்மிடம் உண்டு. நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் மகனோடு மகளையும், வயது வந்த பேரன் பேத்திகளையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது. வேதம் அதற்கு ரொம்ப முன்னாலேயே சொல்லிவிட்டது. 1 தீமோத்தேயு 5-ல், விதவைக்குப் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ இருந்தால் முதலில் அவர்கள் தங்கள் குடும்பத்தை விசாரிக்க, அதாவது பராமரிக்க, கற்றுக்கொள்ளட்டும் என்கிறார் பவுல். நாலு வசனம் தள்ளி, தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறார். அவிசுவாசி என்று நீங்கள் ஒதுக்கி வைத்தவர் உங்கள் அம்மாவை விசாரித்துக்கொண்டிருக்கிறார். அந்த வசனத்தில் இப்போது நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

பேத்தி என்ற வார்த்தையை உங்கள் மகளிடமும் காட்டுங்கள். அவளையும் நான் சும்மா விடுவதாக இல்லை. அம்மாவை மாயக்காரி என்று சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அது பாட்டிக்கு இல்லாமல் போன அறை. அவளிடம் போய், “நீ சொன்னது சரிதான், இனி பாட்டி இங்கே இருக்கட்டும், உன் அறையைத் தருவாயா?” என்று கேளுங்கள். ஹாலில் ஒரு மேஜை போட்டு லேப்டாப்பை வைத்துக்கொள்ளட்டும். அவள் திரும்ப சபைக்கு வருவாளா என்று என்னால் சொல்ல முடியாது. அதை இப்போதைக்குக் கேட்கவும் வேண்டாம். அவளைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அம்மாவைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அதற்கு முன் தங்கையிடம் பேச வேண்டும், போனில் இல்லை, அவள் வீட்டுக்குப் போய். மூன்று வருடம் பார்த்துக்கொண்டவளிடமிருந்து ஒரே நாளில் அம்மாவைப் பிடுங்கிக்கொண்டு வருவதும் அநியாயம்தான். அம்மாவுக்கு எங்கே இருக்கப் பிரியம் என்று அம்மாவிடமே கேளுங்கள். உன்னோடு வர மாட்டேன் என்று அவர் சொன்னால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள், மருந்துச் செலவையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதையும் பாதி நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தங்கையிடம் மன்னிப்புக் கேளுங்கள். அப்போது பையில் வேதாகமம் இருக்கட்டும், கையில் எடுக்காதீர்கள்.

இதெல்லாம் நடக்க நாளாகும். வருகிற ஞாயிறு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகிவிட்டு வா என்று மத்தேயு 5-ல் இருக்கிறது. நீங்கள் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை, கேட்வரை போனால் போதும். முதல் பாட்டு தொடங்குவதற்கு முன், எல்லோரும் உள்ளே வந்துகொண்டிருக்கும்போதே போங்கள். “மாப்பிள்ளை, இத்தனை நாள் உங்களை வெளியே உட்கார வைத்தது என் தப்பு” என்று சொல்லுங்கள். உள்ளே வருகிறீர்களா என்று கேளுங்கள். வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். நடந்து போகிற தூரம்தானே உங்கள் வீடு, அன்றைக்கு உங்கள் கணவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு அவரை அங்கே அனுப்புங்கள். டிபன் செய்து வைத்துவிட்டு வாருங்கள். அவருக்கு டீ பிடிக்குமா காபியா, சர்க்கரை போடலாமா என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. அம்மாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.