சொசைட்டி ஃபிளாட்டை வாடகைக்கு விட்டால் மாதம் 3,000 ரூபாய் தண்டமா?

கேள்வி: மும்பை செம்பூரில் ஒரு கூட்டுறவு வீட்டுவசதி சொசைட்டியில் எனக்கு ஃபிளாட் இருக்கிறது. ரிட்டயர் ஆன பிறகு மனைவியோடு கும்பகோணம் வந்துவிட்டேன். ஃபிளாட்டில் முதல் இரண்டு வருடம் என் மனைவியின் தம்பி குடும்பம் இருந்தது. அடுத்த சில மாதங்கள் என் அக்கா மகன் இருந்தான். இரண்டு பேரிடமும் வாடகை வாங்கவில்லை. இப்போது வேலைக்குப் போகும் இரண்டு பையன்களுக்கு மாதம் 42,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறேன். 11 மாதத்துக்கு நோட்டரி பத்திரம் போட்டிருக்கிறது. நான் ஊருக்கு வந்த நாள் முதல் சொசைட்டி 'நான்-ஆக்குபன்சி சார்ஜ்' (உறுப்பினர் தானே குடியிருக்காததற்கான கட்டணம்) என்று மாதம் 3,000 ரூபாய் பில்லில் சேர்க்கிறது. இப்போது, கல்யாணமாகாதவர்களுக்கு வீடு விடக் கூடாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டிருக்கிறோம், 25,000 ரூபாய் கட்டிட நிதி கொடுத்தால் அனுமதிக்கிறோம் என்கிறார் செகரட்டரி. கொடுக்காவிட்டால் அந்தப் பையன்களை லிஃப்டில் ஏற விடமாட்டார்களாம். அவர்களைச் சொந்தக்காரர்கள் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். எனக்கோ மெயின்டெனன்ஸையே கட்டாமல் நிறுத்திவிடலாமா என்றிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மெயின்டெனன்ஸை மட்டும் நிறுத்தாதீர்கள். இந்த வழக்கில் நியாயம் பெரும்பாலும் உங்கள் பக்கம் இருக்கிறது. பணம் கட்டாமல் விட்ட அன்றே அது கைமாறிவிடும். நீங்கள் பாக்கிதாரர் ஆகிவிடுவீர்கள். பாக்கிக்கு ஆண்டுக்கு 21 சதவீதம் வரை தனிவட்டி போட மாதிரி பைலா, அதாவது சொசைட்டிகளுக்காக அரசு எழுதிக் கொடுத்த மாதிரி விதிகள், இடம் கொடுக்கிறது. கூட்டுறவு சங்கப் பதிவாளரிடம் வசூல் சான்றிதழ் வாங்கி, நிலவரி பாக்கியைப் பிடிப்பது போல உங்களிடம் பிடிக்கவும் சொசைட்டிக்கு வழி இருக்கிறது. அதன் பிறகு நீங்கள் எழுதும் எந்தப் புகாரையும் 'பாக்கிக்காரர் புகார்' என்று சொல்லி ஒதுக்கிவிடுவார்கள்.

இனி அனுமதி விஷயம். உங்கள் சொசைட்டி மகாராஷ்டிரா கூட்டுறவு சங்கச் சட்டம் 1960-இன் கீழ் வருகிறது. 2014-இல் வந்த மாதிரி பைலாவில் 43-ஆவது விதியைப் பாருங்கள். உறுப்பினர் தன் வீட்டை வாடகைக்கோ லீவ் அண்ட் லைசன்ஸுக்கோ (குறிப்பிட்ட காலத்துக்குக் குடியிருக்க மட்டும் அனுமதி தரும் ஒப்பந்தம்) விடுவதற்குச் சொசைட்டியின் முன் அனுமதி தேவையில்லை என்று அது நேராகவே சொல்கிறது. ஆனால் தகவல் கொடுக்க வேண்டும். குடி வருவதற்கு 8 நாள் முன்பாக, ஒப்பந்தத்தின் நகலையும் போலீசுக்குத் தெரிவித்ததற்கான சான்றையும் செகரட்டரியிடம் கொடுக்க வேண்டும். யார் குடியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள சொசைட்டிக்கு உரிமை இருக்கிறது. இவர் வேண்டும், அவர் வேண்டாம் என்று பொறுக்கி எடுக்கும் உரிமை இல்லை. கல்யாணம் ஆனவரா, ஆகாதவரா என்று கேட்பதற்கு அந்த விதியில் ஒரு வரி கூடக் கிடையாது. வேலை தேடி மும்பைக்கு வந்த நம் ஆட்களில் எத்தனை பேர் நாலு பேராக ஒரே அறையில் தங்கி வாழ்க்கையைத் தொடங்கியவர்கள்! இந்தத் தீர்மானத்தைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மாதிரி பைலா அரசு கொடுக்கும் அச்சுதான். உங்கள் சொசைட்டி அதை ஏற்று, பதிவாளரிடம் பதிவு செய்திருக்கிறதா, அல்லது பழைய பைலாவையே வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பைலாக்களில் முன் அனுமதி வாங்கும் விதி இருந்தது. நகல் கட்டணம் கட்டிக் கேட்டால் பதிவு செய்த பைலாவின் பிரதியை உறுப்பினருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். அதோடு, கட்டிடம் நிற்கும் நிலம் யாருடையது என்றும் கேளுங்கள். கலெக்டர் நிலம், மாடா, சிட்கோ போன்ற மகாராஷ்டிரா அரசு வீட்டுவசதி, நகர வளர்ச்சி அமைப்புகளின் இடங்களில் கட்டிய சொசைட்டி என்றால், வாடகைக்கு விடுவதற்குக் குத்தகைப் பத்திரத்திலோ ஒதுக்கீட்டுக் கடிதத்திலோ தனி நிபந்தனை இருக்கலாம். அதைச் சொசைட்டி தீர்மானத்தோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அந்த 3,000 ரூபாய்க்கு வருகிறேன். இதில் பைலா பழையதா புதியதா என்ற கேள்வியே எழாது. 1 ஆகஸ்ட் 2001 அன்று மகாராஷ்டிரா அரசு கூட்டுறவுச் சட்டம் 79ஏ பிரிவின் கீழ் ஓர் ஆணை போட்டது. நான்-ஆக்குபன்சி சார்ஜ் என்பது சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அந்தக் கணக்கில் மாநகராட்சி வரியைச் சேர்க்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம். பெரும்பான்மை பலத்தில் நாங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்குவோம் என்று ஒரு சொசைட்டி இந்த ஆணையை எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. 2007-இல் மான்ட் பிளாங்க் சொசைட்டி வழக்கில் நீதிமன்றம் ஆணை செல்லும் என்று தீர்ப்புக் கொடுத்தது. ஆகவே பொதுக்குழுவில் எல்லோரும் கை தூக்கியிருந்தாலும் 10 சதவீதம் 10 சதவீதம்தான்.

பலர் ஏமாறுவது 'எதில் 10 சதவீதம்' என்ற இடத்தில். மொத்த மெயின்டெனன்ஸ் பில்லில் 10 சதவீதம் என்று செகரட்டரி சொல்வார், நாமும் தலையாட்டிவிடுவோம். பில்லை எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் பாருங்கள். வாட்ச்மேன், தோட்டக்காரர், ஆபீஸ் ஆட்களின் சம்பளம், பொது விளக்கு மின்சாரம், ஆடிட் கட்டணம், ஸ்டேஷனரி, தபால், வக்கீல் செலவு, பொதுக்குழுக் கூட்டச் செலவு, இவை சர்வீஸ் சார்ஜ். வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், சிங்கிங் ஃபண்ட் (பிற்காலப் பெரிய கட்டிடச் செலவுக்கான சேமிப்பு), ரிப்பேர் ஃபண்ட், பார்க்கிங், லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் தனித் தலைப்புகள். உதாரணமாக, பில் 5,800 ரூபாய், அதில் சர்வீஸ் சார்ஜ் 2,400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் வாங்கக்கூடியது 240 ரூபாய். பில்லில் எல்லாவற்றையும் ஒரே வரியில் 'மெயின்டெனன்ஸ்' என்று போட்டிருந்தால், தலைப்புவாரியாகப் பிரித்துத் தரச் சொல்லி எழுதிக் கேளுங்கள். வாடகை 42,000 என்பதற்கும் இந்தக் கணக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் லட்சம் ரூபாய்க்கு விட்டாலும் சார்ஜ் அதேதான்.

உறவினர்கள் இருந்த காலத்துக்கு வருவோம். உறுப்பினரின் குடும்பத்தார் குடியிருந்தால் இந்தச் சார்ஜே கிடையாது. குடும்பம் என்றால் யார் யார் என்று பைலாவே சொல்கிறது: கணவன், மனைவி, அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள், மருமகன், மருமகள், மைத்துனர், மைத்துனி, பேரப்பிள்ளைகள். உங்கள் மனைவியின் தம்பி இதில் வந்துவிடுகிறார். அவர் இருந்த இரண்டு வருடமும் வாங்கிய மாதம் 3,000, அதாவது 72,000 ரூபாய், முழுக்கத் திரும்ப வர வேண்டிய பணம். அக்கா மகன் விஷயம் வேறு. நமக்கு அவன் சொந்தப் பிள்ளை மாதிரிதான், ஆனால் பட்டியலில் இல்லை. வாடகை வாங்கவில்லை என்று வாதாடிப் பார்க்கலாம். அந்தச் சில மாதங்களுக்கு 10 சதவீதத்தைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கேளுங்கள் என்பதுதான் என் யோசனை. கேட்பதில் ஒரு ரூபாய் கூட அதிகம் இல்லை என்று தெரிந்தால் பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் கடிதத்துக்கு எடை கூடும்.

எதிர்வீட்டுக்காரர் சொன்ன யோசனையைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். மாதம் 240 ரூபாய்க்காகப் பொய் எழுதிக் கொடுத்தால், நாளை அந்தப் பையன்கள் காலி செய்ய மறுக்கும்போது உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். அவர்கள் யார், எந்த அடிப்படையில் குடியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு கதை எழுதிக் கொடுத்தவரே நீங்கள் என்றாகிவிடும்.

இனி நான் உண்மையிலேயே கவலைப்படும் இடம். அது சொசைட்டி அல்ல, உங்கள் நோட்டரி பத்திரம். 11 மாதத்துக்குள் என்றால் பதிவு வேண்டாம் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு ஊறிப்போயிருக்கிறது. மகாராஷ்டிராவில் அது செல்லாது. மகாராஷ்டிரா வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999-இன் 55-ஆவது பிரிவு, லீவ் அண்ட் லைசன்ஸ் ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. செய்யாவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதைவிடப் பெரிய ஆபத்து, பதிவான ஒப்பந்தம் இல்லாதபோது நிபந்தனைகள் என்னென்ன என்பதில் குடியிருப்பவர் சொல்வதையே சட்டம் ஏற்கும், அதைப் பொய் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். பதிவு செய்திருந்தால் நிலைமை தலைகீழ். காலம் முடிந்தும் காலி செய்யாவிட்டால், 24-ஆவது பிரிவின்படி தகுதிபெற்ற அதிகாரியிடம் போய்க் காலி செய்ய வைக்கலாம், தங்கிய நாட்களுக்கு இரட்டிப்புத் தொகையும் கேட்கலாம்.

பதிவு ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையில்லை. முத்திரைக் கட்டணம் மொத்த வாடகையில் 0.25 சதவீதம் என்ற அளவில்தான் வரும், டெபாசிட்டுக்கும் சிறு தொகை சேரும். பதிவுக் கட்டணம் மும்பையில் 1,000 ரூபாய். ஆன்லைனில் ஆதாரும் விரல்ரேகையும் வைத்தே பதிவு செய்ய வசதி இருப்பதால், இதற்கென்று கும்பகோணத்திலிருந்து ரயில் ஏற வேண்டியதில்லை. அப்புறம், போலீசுக்கும் ஆன்லைனிலேயே தெரிவித்துவிடுங்கள். சொசைட்டி விதிகளுக்கு உட்பட்டு இருப்போம் என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்துவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பாட்டுச் சத்தம் வந்தால் சொசைட்டி கேட்கப்போவது உங்களைத்தான்.

25,000 ரூபாய் 'கட்டிட நிதி'க்குப் பைலாவில் இடம் இல்லை. சாமான் ஏற்றி இறக்கும்போது லிஃப்ட் கீறினால் என்று திருப்பித் தரக்கூடிய ஒரு சிறு டெபாசிட் கேட்டிருந்தால், அதற்காகச் சண்டை போட வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். இது அப்படியில்லை. லிஃப்டுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது நீங்கள். உங்கள் வீட்டில் முறைப்படி குடியிருப்பவரை வழிமறிக்க வாட்ச்மேனுக்கோ செகரட்டரிக்கோ அதிகாரம் இல்லை. மறித்தால் அது பாரதிய நியாய சம்ஹிதா 126-ஆவது பிரிவில் முறையற்ற தடுப்பு என்ற குற்றம். அப்படி நடந்தால் தேதி, நேரம் எழுதிவைத்துக்கொண்டு, அந்தப் பையன்களையே பக்கத்து ஸ்டேஷனில் புகார் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, நகலையும் போலீஸ் தகவல் ரசீதையும் செகரட்டரிக்குக் கொடுங்கள். 8 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டியதைத் தவறவிட்டிருந்தால், தாமதம் என்று ஒப்புக்கொண்டே கொடுங்கள். அந்தப் பலவீனம் தீர்ந்த பிறகுதான் பணத்தைப் பற்றிய கடிதம் போக வேண்டும். அதில் 2001 ஆணையைக் குறிப்பிட்டு, பில்லைப் பிரித்துக் காட்டச் சொல்லி, அதிகமாக வாங்கியதைத் திருப்பித் தரவோ வரும் பில்களில் கழிக்கவோ கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டாம். அங்கே கோபத்தில் போடும் ஒரு வரி பிறகு உங்களுக்கே இடைஞ்சலாக வரும். சர்வீஸ் சார்ஜ், வரி, தண்ணீர், நியாயமான 10 சதவீதம், இவற்றை மாதம் தவறாமல் வங்கி வழியாகக் கட்டி, எதை ஏன் கட்டவில்லை என்று ஒவ்வொரு முறையும் மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். தகராறில் இருக்கும் தொகையையும் கட்டிவிட்டால்தான் நிம்மதி என்றால், ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று எழுதிக் கட்டலாம்.

கமிட்டியிடமிருந்து பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, உங்கள் வார்டுக்கான கூட்டுறவு சங்கங்களின் துணைப் பதிவாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அரசு ஆணையை நடைமுறைப்படுத்தச் சொல்லி அவர் சொசைட்டிக்கு உத்தரவிட முடியும். எனக்குத் தெரிந்து பெரும்பாலான கமிட்டிகள் அங்கிருந்து நோட்டீஸ் வந்ததுமே கணக்கைத் திருத்திவிடுகின்றன. திருத்தாவிட்டால், பழைய பணத்தைத் திரும்பப் பெறவும் தீர்மானத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கவும் 91-ஆவது பிரிவில் கூட்டுறவு நீதிமன்றம் போக வேண்டும். அதற்கு மும்பையில் ஒரு வக்கீல் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். போகும்போது உங்கள் மச்சினர் இருந்த காலத்து பில்கள், அவர் அந்த முகவரியில் இருந்ததற்கான கேஸ் புத்தகம் அல்லது பிள்ளைகளின் பள்ளிச் சான்று, மனைவிக்கும் அவருக்கும் உள்ள உறவைக் காட்டும் ஏதாவது ஒரு ஆவணம், இவற்றை இப்போதே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.