குறிஞ்சி பூத்தபோது எந்த வகுப்பு?

அன்புள்ள ஐயா,

நாங்கள் கொடைக்கானல் மேல்மலைப் பள்ளி ஒன்றில் 1986இல் பத்தாவது முடித்தவர்கள். நாற்பதாம் ஆண்டுச் சந்திப்புக்கு நினைவு மலர் போடுகிறோம். நாற்பது பேருக்கு மேல் குரல்பதிவு அனுப்பிவிட்டார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது, வருஷம் மட்டும் ஆளுக்கொன்று. குறிஞ்சி பூத்தபோது ஆறாவது படித்தோம் என்கிறார் ஒருவர், எட்டாவது என்கிறார் இன்னொருவர். கைதூக்கச் சொல்லி முடிவு செய்யலாமா? பழைய படங்களை என்ன செய்வது?

வி., பூம்பாறை

அன்புள்ள வி.,

கைதூக்கல் வேண்டாம். பழனி மலையில் நீலக்குறிஞ்சி பெருவாரியாகப் பூத்தது 1982, 1994, 2006, 2018இல். 1986இல் பத்தாவது எழுதியவர் 1982இல் ஏழாவது படித்திருப்பார். கணக்குப்படி இருவர் சொன்னதும் தப்பு. ஆனால் இருவருமே சரியாகவும் இருக்கலாம்! எட்டாவது என்பவர் இடையில் ஒரு வருஷம் பெயிலாகி உங்களோடு வந்து சேர்ந்தவரா என்று விசாரியுங்கள், குழுவில் அல்ல, தனியாக. ஆறாவது என்பவரிடம், சரிவு முழுக்க நீலமா, நாலைந்து புதர் மட்டுமா என்று கேளுங்கள். ஒரு வருஷம் முந்திப் பூக்கும் செடிகள் உண்டு. குறிஞ்சியில் வகைகளும் பல, எல்லாமே பன்னிரண்டு வருஷக் கணக்கில் பூப்பதில்லை.

வருஷத்தைப் பிடிக்க வேறு முளைகளும் இருக்கின்றன. 1985 செப்டம்பர் 15இல் மதுரையிலிருந்து திண்டுக்கல் மாவட்டம் பிரிந்தது. அதாவது உங்கள் செட் மதுரை மாவட்டத்தில் பத்தாவது தொடங்கி வேறு மாவட்டத்தில் பரீட்சை எழுதியது. இந்திரா காந்தி கொல்லப்பட்ட 1984 அக்டோபர் 31 உங்களுக்கு ஒன்பதாவது. சத்துணவு 1982 ஜூலையில் தொடங்கியபோது ஒன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குத்தான். பதினைந்து வயதுவரை நீண்டது 1984 செப்டம்பரில். ஏழாவதில் சத்துணவுத் தட்டோடு நின்றேன் என்று யாராவது சொன்னால், அது தம்பி தங்கையின் தட்டா என்று கேட்டுப்பாருங்கள்.

எல்லாம் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் உங்கள் கேள்வி. ‘மறக்க முடியாத அனுபவம் எது’ என்றால் ‘பொற்காலம்’ என்றுதான் பதில் வரும். எந்தப் பாதையில் நடந்து வந்தீர்கள்? நனைந்த குடையையும், மழைக்குத் தலையில் போட்டுவந்த சாக்குக் கொங்காணியையும் எங்கே வைத்தீர்கள்? பூண்டும் உருளைக்கிழங்கும் எடுக்கும் நாட்களில் வகுப்புக்கு யார் யார் வரவில்லை? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதீர்கள். படிப்பை இடையில் நிறுத்தியவர்களின் பெயர் அதில்தான் கிடைக்கும். பத்தாவது குரூப் போட்டோவில் அவர்கள் இருக்க மாட்டார்கள், வாட்ஸ்அப் குழுவிலும் இருக்க மாட்டார்கள்.

இனி படங்கள். சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள். மலை ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகிப் பிடித்திருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் கறை பரவும். நன்றாக உலரவிட்டு, மென்மையான தூரிகையால், வீட்டுக்கு வெளியே தட்டிவிடுங்கள். ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) இருக்கட்டும். அச்சுக்கு 300 போதும் என்பதால் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். பின்புறம் பெயர் எழுதப் பால்பாயிண்ட் பேனா ஆகாது, அழுத்தம் முன்பக்கம் புடைக்கும். மெல்லிய பென்சில் போதும்.

அச்சகம் யூனிகோடை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் காலும் இடம் மாறும். மாற்றிய பிறகு ஒரு முறை முழுக்கப் படிக்க இரண்டு பேரை இப்போதே ஒதுக்குங்கள். பக்கங்கள் 16இன் மடங்கில் வரட்டும். கடைசியில் பக்கம் மிஞ்சினால் விளம்பரத்துக்கு விடாமல், குரூப் போட்டோவை இன்னொரு முறை கோட்டுருவமாக வரைந்து, தலைக்கு ஒரு எண் போட்டு, கீழே பெயர்களை எழுதுங்கள். பெயர் தெரியாத தலைக்கும் எண் போடுங்கள். சந்திப்பன்று யாராவது சொல்லிவிடுவார்கள்.