எகிப்திய பவுண்டில் 27 சதவீத வட்டி: சேமிப்பைப் போடலாமா?

கேள்வி: கெய்ரோவுக்கு அருகில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். சம்பளத்தில் பாதி டாலராகவும் பாதி எகிப்திய பவுண்டாகவும் வருகிறது. 2024-இல் இங்குள்ள அரசு வங்கிகள் ஓராண்டு சேமிப்புச் சான்றிதழுக்கு 27 சதவீதம் வட்டி கொடுத்தனவாம். அப்படி ஒரு வாய்ப்பு மீண்டும் வந்தால், டாலரையும் பவுண்டாக மாற்றிப் போடலாமா?

பதில்: டாலரை மாற்ற வேண்டாம். அந்த வட்டி ஏன் அவ்வளவு உயர்ந்தது என்பதற்கு அந்த நாணயத்தின் வரலாறே விடை சொல்கிறது. 1834-இல் முகமது அலியின் ஆட்சியில் உருவான எகிப்திய பவுண்டு (100 பியாஸ்டர்), ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு 97.5 பியாஸ்டர் என்ற விகிதத்தில் நெடுங்காலம் இருந்தது. அதாவது, இன்று நம்பக் கடினமாக இருந்தாலும், பிரிட்டிஷ் பவுண்டைவிடச் சற்றே மதிப்பு மிகுந்ததாக இருந்தது. அதன்பின் அரசு மாற்று விகிதத்தைப் பல ஆண்டுகள் பிடித்துவைப்பதும், அந்நியச் செலாவணி வற்றியதும் ஒரே நாளில் கைவிடுவதும் வழக்கமாகிவிட்டன. 2016 நவம்பரில் அப்படித்தான் நடந்தது. உக்ரைன் போரால் கோதுமை விலை ஏறி, அந்நிய முதலீடு வெளியேறிய 2022-லிருந்து மீண்டும் அதே கதை தொடர்ந்தது. 2024 மார்ச் 6 அன்று டாலருக்கு ஏறத்தாழ 31 பவுண்டாக இருந்த விகிதம் 50-ஐ எட்டியது.

கணக்கைப் பாருங்கள். 2024 ஜனவரியில் 1,00,000 பவுண்டு போட்டவரின் முதல் அன்றைய அதிகாரப்பூர்வ விகிதப்படி சுமார் 3,240 டாலர். ஓராண்டு முடிவில் கைக்கு வந்த 1,27,000 பவுண்டின் மதிப்போ சுமார் 2,500 டாலர்தான். மார்ச் சரிவுக்குப் பிறகு அதே வட்டிக்குப் போட்டவருக்கு லாபம் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் சரிவு எந்த நாளில் வரும் என்பதை முன்கூட்டி அறிந்து முதலீடு செய்ய உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

எகிப்திலேயே செலவாகப்போகும் வாடகை, உணவு, மருத்துவத்துக்கான சில மாதத் தொகையைப் பவுண்டில் வைத்து, அதற்கு வட்டி வாங்குவதில் தவறில்லை. அப்போதும், சான்றிதழை முதல் ஆறு மாதம் உடைக்க முடியாது என்பது போன்ற நிபந்தனைகளை வங்கியில் கேட்டறியுங்கள். மிஞ்சும் பவுண்டைச் சம்பளச் சான்றுடன் வங்கி வழியாகவே மாதந்தோறும் அனுப்பிவிடுங்கள். கையில் 5,000 பவுண்டுக்கு மேல் நாட்டைவிட்டு எடுத்துச் செல்ல அனுமதியில்லை என்பதால், கடைசியில் மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். கூடுதல் விலை தருவதாகச் சொல்லும் கள்ளச்சந்தைத் தரகரிடம் போகவே வேண்டாம். அங்கு அது குற்றம்.