சாதாரண மார்பகக் கட்டியும் மரபணுக் குறியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகளுக்கு 22 வயது. மார்பகத்தில் 2 செ.மீ. கட்டி. ஸ்கேனில் ஃபைப்ரோஅடினோமா, பைராட்ஸ் 3 என்று வந்திருக்கிறது. சாதாரணக் கட்டியிலும் எபிஜெனெட்டிக் மாற்றம் இருக்குமாமே, அது புற்றுநோயாக மாறிவிடுமா?
– ஒரு தாய், நெல்லிக்குப்பம்

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ஃபைப்ரோஅடினோமா என்பது மார்பகத்தின் சுரப்பியும் நார்த்திசுவும் சேர்ந்து வளரும் சாதாரணக் கட்டி, புற்றுநோய் அல்ல. டி.என்.ஏ.வின் எழுத்து வரிசை மாறாமலே அதன் மேல் மெத்தில் என்ற சிறு வேதித் தொகுதி ஒட்டிக்கொள்ளும். மெத்திலேஷன் எனப்படும் இது ஒரு எபிஜெனெட்டிக் மாற்றம். மரபணு தொடங்கும் இடத்தில் இது அடர்ந்தால் அந்த மரபணு அடங்கிப்போகும். செல் பெருகுவதைக் கட்டுப்படுத்தும் ஆர்.ஏ.எஸ்.எஸ்.எஃப்.1ஏ மரபணு மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலும் இப்படி அடங்கிக் கிடக்கிறது. அதே குறி சில ஃபைப்ரோஅடினோமாக்களிலும் தென்படுகிறது. எனவே அந்த ஒரு குறியை வைத்துப் புற்றுநோய் என்று சொல்ல வழியில்லை.

எழுத்தே மாறுவது வேறு விஷயம். ஃபைப்ரோஅடினோமாக்களில் சுமார் 60 சதவீதத்தில் மெட்12 மரபணுவில் பிறழ்வு இருப்பதை 2014-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கண்டார்கள். கருப்பையின் நார்த்திசுக் கட்டிகளிலும் இதே பிறழ்வு சகஜம். அவையும் புற்றுநோய் அல்ல.

பைராட்ஸ் என்பது மார்பக ஸ்கேன் முடிவைத் தரம்பிரிக்கும் எண். 3 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. 6, 12, 24 மாதங்களில் ஸ்கேன் எடுங்கள், முடிந்தவரை ஒரே இடத்தில். அளவை ஒப்பிட அதுதான் வசதி. 6 மாதத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தாலோ, 3 செ.மீ. தாண்டினாலோ, ஓரம் ஒழுங்கற்றுப் போனாலோ கோர் பயாப்சி, அதாவது தடித்த ஊசியால் கட்டியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது, தேவை. மெல்லிய ஊசியில் செல்லை மட்டும் உறிஞ்சும் பரிசோதனை அப்போது போதாது: வேகமாக வளரும் ஃபிலாய்ட்ஸ் கட்டியை ஃபைப்ரோஅடினோமாவிலிருந்து அது சரியாகப் பிரித்துக் காட்டாது.

கேள்வி: பயாப்சி துண்டிலேயே மெத்திலேஷன் பார்க்கச் சொல்லலாமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: ஆய்வுக்கூடத்தில் முடியும். டி.என்.ஏ.வைப் பைசல்ஃபைட்டில் ஊறவைத்தால் மெத்தில் இல்லாத சைட்டோசின் என்ற டி.என்.ஏ. எழுத்து யுராசில் என்ற வேறு எழுத்தாக மாறும், மெத்தில் உள்ளது மாறாது; பி.சி.ஆர். அந்த வித்தியாசத்தைக் காட்டும். சிக்கல்களும் இங்கேதான். பைசல்ஃபைட் டி.என்.ஏ.வை உடைக்கும். மாற்றம் முழுமையாகாவிட்டால் இல்லாத மெத்தில் இருப்பதுபோலத் தெரியும். கட்டியில் சுரப்பிச் செல்லும் நார்த்திசுச் செல்லும் கலந்திருப்பதால் குறி எதனுடையது என்றே குழப்பம் வரும். இன்று ஃபைப்ரோஅடினோமாவுக்கான சிகிச்சையை இதை வைத்து முடிவு செய்வதில்லை. காசு கொடுத்துச் செய்யாதீர்கள்.

அதைவிட, துண்டைப் பத்திரமாகக் கொண்டுபோவதில் அக்கறை காட்டுங்கள். கடலூரில் எடுத்த துண்டைப் புதுச்சேரி லேபுக்கு வீட்டாரே பஸ்ஸில் கொண்டுபோக வேண்டியிருந்தால், 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினில், துண்டைப்போல் குறைந்தது 10 மடங்கு திரவத்தில் அது மூழ்கியிருக்க வேண்டும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். பெயர், வலமா இடமா என்ற மார்பகப் பக்கம், துண்டு எடுத்த நேரம் மூன்றையும் பாட்டிலில் எழுதச் சொல்லுங்கள். உப்புநீரில் விட்டால் திசு அழுகும், ஃப்ரீசரில் வைத்தால் செல் அமைப்பு சிதையும். ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் டி.என்.ஏ. சிதைந்துகொண்டே போகும். ரிப்போர்ட்டோடு பாரஃபின் பிளாக்கின் (லேபில் துண்டை மெழுகில் பதித்து வைப்பது) எண்ணையும் குறித்து வையுங்கள். பின்னாளில் சந்தேகம் வந்தால் ஜிப்மர் போன்ற இடத்தில் மறுபார்வைக்கு அந்த பிளாக்கைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: மெத்தில் குறியை அழிக்க மாத்திரை உண்டா?
– வாசகி, பண்ருட்டி

பதில்: அசாசிட்டிடின், டெசிட்டபின் என்ற மருந்துகள் மெத்திலேஷனைக் குறைப்பவை. சிலவகை ரத்தப் புற்றுநோய்களுக்கும் எலும்பு மஜ்ஜைக் கோளாறுகளுக்கும் தருகிறார்கள். ரத்த அணுக்களைப் பலமாகக் குறைத்துவிடும். ஃபைப்ரோஅடினோமாவுக்கு இவற்றைத் தருவதில்லை.