காற்று ஒரு பொருளா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. காற்று என்றால் என்ன என்று குழந்தைகள் கேட்கும்போதெல்லாம், "கண்ணுக்குத் தெரியாத வாயு" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். அவர்களுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. எளிமையாக எப்படி விளக்கலாம்?

பதில்: உங்கள் விடையில் பிழை இல்லை. ஆனால் வாயு என்றால் என்னவென்றே அறியாத குழந்தைக்கு அதனால் பயன் குறைவு. கல்லும் தண்ணீரும் எப்படிப் பொருள்களோ, அப்படியே காற்றும் ஒரு பொருள், அது இடத்தை அடைத்துக்கொள்ளும், அதற்கு எடையும் உண்டு என்பதை முதலில் கண்ணாரக் காணச் செய்துவிட்டு, வரையறையைப் பிறகு வைத்துக்கொள்வதே சரியான முறை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு கண்ணாடிக் குவளையின் அடியில், கவிழ்த்தாலும் விழாதபடி, கசக்கிய காகிதத்தை இறுக்கி வையுங்கள். ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, குவளையைத் தலைகீழாகப் பிடித்து, சற்றும் சாய்க்காமல் நேராக அமிழ்த்துங்கள். குவளை முழுவதும் மூழ்கிய பின்பும் தண்ணீர் விளிம்பைத் தாண்டி மிகச் சிறிதளவே உள்ளே ஏறியிருக்கும். வெளியே எடுத்துப் பார்த்தால் காகிதம் உலர்ந்தபடியே இருக்கும். "காலிக் குவளைதானே, தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்தது எது?" என்று கேளுங்கள். விடையை நீங்களே சொல்லிவிடாதீர்கள். குழந்தைகளே சொல்லும்வரை பொறுத்திருங்கள்.

அடுத்து, நீருக்குள் இருக்கும் அதே குவளையை மெல்லச் சாய்த்தால், குமிழிகள் வெளியேற வெளியேற அந்த இடத்தில் தண்ணீர் ஏறுவது தெளிவாகத் தெரியும். அக்குமிழிகளுக்கு நேர் மேலே, தண்ணீர் நிரம்பிய மற்றொரு குவளையைக் கவிழ்த்துப் பிடித்தால், அவை அதனுள் சேர்ந்து அங்கிருந்த தண்ணீரைக் கீழே தள்ளிவிடும். காற்றை ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு, அதுவும் கீழிருந்து மேலாக, ஊற்ற முடிகிறது என்று கண்ட குழந்தைக்கு, அது வெறுமை அன்று என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

எடையைக் காட்டுவதற்குக் குச்சியின் இரு முனைகளிலும் பலூன்களைக் கட்டி ஒன்றை உடைக்கும் முறை பரவலாக உள்ளது. சுற்றியுள்ள காற்றே பலூனைத் தாங்குவதால் அதில் தெரியும் வேறுபாடு மிகக் குறைவு. பல வேளைகளில் அது குழப்பத்திலேயே முடியும். அதைவிடக் கால்பந்து நல்லது. உருண்டை வடிவம் வந்தபின்னும் இன்னும் மென்மையாக இருக்கும் பந்தை மின்னணுத் தராசில் நிறுத்துவிட்டு, பம்ப்பால் நன்றாகக் காற்றடித்து மீண்டும் நிறுத்தால், எடை சில கிராம் கூடியிருக்கும். ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. அப்படியானால் 6 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள வகுப்பறையில் இருக்கும் காற்று சுமார் 130 கிலோ! இந்தக் கணக்கைக் குழந்தைகளையே போடச் சொல்லுங்கள்.

இதன் பிறகு, காற்று எதனால் ஆனது என்று சொல்லலாம். கண்ணால் காண முடியாத அளவுக்குச் சிறிய மூலக்கூறுகள் ஒன்றையொன்று விலகி, விநாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் பாய்ந்து, ஒன்றோடொன்று ஓயாமல் மோதிக்கொண்டே இருக்கின்றன. அவை ஒரே வகையானவை அல்ல. ஈரம் நீக்கிய காற்றில் 100 பங்குக்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு ஆக்சிஜன். எஞ்சிய ஒரு பங்கில் பெரும்பகுதி ஆர்கான். கார்பன் டை ஆக்சைடு 10,000 பங்குக்கு 4 பங்கைச் சற்றே தாண்டும். இவற்றோடு நீராவியும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப கூடியும் குறைந்தும் கலந்திருக்கும். காற்று என்றாலே ஆக்சிஜன் என்று பல குழந்தைகள் எண்ணிக்கொள்கிறார்கள்; அதைச் சிறு வயதிலேயே திருத்திவிடுவது நல்லது.

கேள்வி: காற்றுக்கு அவ்வளவு எடை இருந்தால், அது ஏன் நம்மை நசுக்குவதில்லை?

பதில்: கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் காற்று ஏறத்தாழ ஒரு கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. உள்ளங்கையின் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், அதன்மீது 50 கிலோ! ஆயினும் கை கீழே தள்ளப்படுவதில்லை. மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதால், புறங்கையின் மீதும் அதே அளவு அழுத்தம் இருக்கிறது. நம் உடலுக்குள் இருக்கும் நீர்மங்களும் காற்றும் அதே அழுத்தத்தில் இருப்பதால் உள்ளும் புறமும் ஈடாகிவிடுகின்றன.

இந்த ஈடு குலைந்தால் என்ன ஆகும் என்பதை ஜெர்மனியின் மாக்டபர்க் நகர மேயராக இருந்த ஓட்டோ வான் கெரிக் 1650-களில் செய்து காட்டினார். இரண்டு செப்பு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றைத் தாமே உருவாக்கிய பம்ப்பால் வெளியேற்றினார். இரு பக்கமும் குதிரைகளைப் பூட்டி இழுத்தும் அவற்றைப் பிரிப்பது பெரும்பாடாயிற்று. காற்றைத் திரும்ப உள்ளே விட்டவுடன் அவை எளிதாகப் பிரிந்தன. அரைக்கோளங்களை உள்ளிருந்து எதுவும் பிடித்து வைக்கவில்லை, வெளிக்காற்றுதான் அழுத்தி வைத்தது என்பதை வலியுறுத்திச் சொல்லுங்கள். குழந்தைகள் இதைத்தான் பெரும்பாலும் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

கேள்வி: நாம் வெளிவிடும் மூச்சு முழுவதும் கார்பன் டை ஆக்சைடுதானா?

பதில்: இல்லை. வெளிவிடும் மூச்சிலும் 100 பங்குக்கு ஏறத்தாழ 16 பங்கு ஆக்சிஜன் எஞ்சியிருக்கும். கார்பன் டை ஆக்சைடு 4 பங்கு அளவே. நைட்ரஜன் ஏறக்குறைய உள்ளே போனபடியே திரும்பி வருகிறது. மூச்சு நின்றவருக்கு ஒருவர் தம் வாயால் ஊதிச் செயற்கைச் சுவாசம் அளிக்க முடிவது, அந்த எஞ்சிய ஆக்சிஜனால்தான்.