பாக்டீரியா மருந்து அடித்தும் புழு சாகவில்லையே?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கர் தக்காளி. காய்ப்புழுவுக்கு என்று கடையில் பாக்டீரியா பவுடர் கொடுத்தார்கள். நேற்றுக் காலை அடித்தேன். இன்றும் புழு நெளிகிறது. ரசாயனத்துக்கு மாறிவிடலாமா? பக்கத்திலேயே, பட்டுப்புழு வளர்க்கும் தம்பியின் மல்பெரித் தோட்டம் இருக்கிறது.

பதில்: அவசரப்படாதீர்கள். முதலில் பாக்கெட்டில் என்ன பெயர் என்று பாருங்கள். சூடோமோனாஸ் என்றிருந்தால் அது பயிர் நோய்க்கானது. காய்ப்புழுவை ஒன்றும் செய்யாது. புழு என்று போய்க் கேட்டவரிடம் இதை எடுத்து நீட்டுகிற கடைகள் இருக்கின்றன. பேசில்லஸ் துரின்ஜியென்சிஸ், அதாவது பி.டி. என்றிருந்தால் சரியான சரக்கு.

பி.டி. பட்டவுடன் கொல்லாது. புழு அதை இலையோடு சேர்த்துத் தின்ன வேண்டும். உள்ளே போன நஞ்சு குடலைப் பொத்தலாக்கும். சில மணி நேரத்தில் தீனி நின்றுவிடும். உயிர் போக இரண்டு மூன்று நாளாகும். புதிய கடி விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். வெயில் பட்டால் வீரியம் போய்விடும் என்பதால் மாலையில்தான் அடிக்க வேண்டும். இளம் புழுவாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். காய்க்குள் புகுந்துவிட்டால் காயைப் பறித்து அழிப்பதுதான் வழி.

இத்தனையும் மற்றவர்களுக்கு. உங்களுக்குப் பி.டி.யே வேண்டாம்! அதற்குக் காய்ப்புழுவும் பட்டுப்புழுவும் ஒன்றுதான். 1901-இல் ஜப்பானில் இஷிவாட்டா இந்தப் பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததே நோயில் மடிந்த பட்டுப்புழுக்களில்தான். காற்றில் சாரல் போய் மல்பெரி இலையில் படிந்தால் போதும், அதைத் தின்னும் தம்பியின் பட்டுப்புழு பேட்ச் முழுவதும் போய்விடும். இன்றே அவரிடம் சொல்லுங்கள்: உங்கள் வயலை ஒட்டிய மல்பெரி வரிசைகளில் இந்த பேட்ச் கூடு கட்டும்வரை இலை பறிக்கக் கூடாது. மருந்தடித்த உடையோடு நீங்களும் புழு வளர்ப்பு மனைக்குள் போகாதீர்கள். ரசாயனம் அடித்தாலும் பட்டுப்புழுவுக்கு அதே கதிதான். பட்டுக்கூடு அங்காடி உள்ள தருமபுரி மாவட்டத்தில் இந்த எச்சரிக்கையைக் கடைச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டச் செய்ய எவ்வளவு செலவாகும்? யாரும் செய்வதில்லை.

உங்களுக்கு ஏற்றது காய்ப்புழுவைத் தாக்கும் என்.பி.வி. என்ற வைரஸின் கரைசல். அது பட்டுப்புழுவைத் தொடாது. லேபிளில் உள்ள அளவில், இதையும் மாலையில் அடியுங்கள். அடுத்த நடவில் 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வையுங்கள். தாய் அந்துப்பூச்சி முட்டையிட அங்கே போகும்.

வீடு தேடி வந்து ‘ஆர்கானிக்’ பாட்டில் விற்கிற ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஒரே மணி நேரத்தில் புழு சுருண்டு விழுந்தால் உள்ளே ரசாயனம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். புகார் கொடுத்தாலும், மாதிரி எடுத்து, ஆய்வு முடிந்து, நடவடிக்கை வருவதற்குள் உங்கள் தக்காளி சந்தைக்குப் போய்த் திரும்பிவிடும். அரசு எந்திரத்தின் வேகம் அவ்வளவுதான். ஆகவே மத்தியப் பூச்சிக்கொல்லி வாரியத்தின் பதிவு எண், காலாவதித் தேதி இரண்டையும் கடையிலேயே பாருங்கள். தொகுதி எண் எழுதிய பில் கொடுக்க மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.