கேளுங்க, சொல்றோம்: மஞ்சள் கேன்சரை கரைக்குமா?

கேள்வி: எங்க அப்பத்தாவுக்கு கீமோ ஓடிட்டு இருக்கு. சித்தப்பா கீழமாசி வீதியில கிழங்கு மஞ்சளா வாங்கி அரைச்சு, மிளகு சேர்த்து தினமும் பால்ல குடுக்கச் சொல்றாரு. குடுக்கலாமா?
வாசகி, திருமங்கலம்

பதில்: சித்தப்பா சொல்றது மொத்தமும் கதையில்லம்மா. மஞ்சள்ல இருக்குற குர்குமின் லேப்ல கேன்சர் செல்லு வளர்றத தடுக்குதுன்னு நிறைய ஆராய்ச்சி இருக்கு, ஆனா கண்ணாடித் தட்டுல செல்லு மேல நேரா ஊத்துறது வேற, வாய் வழியா போயி குடலு, ஈரலுன்னு தாண்டி கட்டி வரைக்கும் போறது வேற, அதுல முக்கால்வாசி ரத்தத்துலயே சேராம வெளிய போயிரும். அமெரிக்காவுல கணையப் புற்றுநோய்க்காரங்களுக்கு தினம் 8 கிராம் குர்குமின் குடுத்துப் பார்த்தாங்க, 2008ல ரிசல்ட் வந்துச்சு, கணக்குல எடுத்த 21 பேர்ல ரெண்டு பேருக்குத்தான் ஏதோ பலன் தெரிஞ்சது. மஞ்சள்தூள்ல குர்குமின் சுமாரா நூத்துக்கு மூணு பங்கு, அப்ப 8 கிராமுக்கு தினம் கால் கிலோ தூளு வேணும்! பால்ல கலக்குனா கரண்டி நட்டமா நிக்கும்.

மிளகு விஷயத்துல மட்டும் உஷாரு. அதுல உள்ள பைப்பரின் குர்குமினை 20 மடங்கு வரைக்கும் ரத்தத்துல ஏத்துதுன்னு 1998லயே பார்த்துட்டாங்க, ஆனா மருந்தை உடைக்கிற ஈரல் என்சைமையும் அது தடுக்கும், கீமோ மருந்தோட அளவும் மாறிப்போகலாம். ரசத்துல போடுற மிளகு, குழம்பு மஞ்சளுக்கு பயமில்ல. கேப்சூலோ கஷாயமோன்னா அடுத்த கீமோவுக்குப் போறப்ப டப்பாவையே எடுத்துட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டுங்க, சித்தப்பாவையும் கூட்டிட்டுப் போங்க.